வாசிப்பு வட்டத்தில் சேர முன் கேட்கிறவர்களுக்கு

ஆளாளுக்குத் தனித்தனியாக வட்ஸ்அப்பில் பதில் எழுதிக் கை வலிக்கிறது, அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு: நாங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த கொஞ்சப் பேர். மாதம் ஒரு புத்தகம் வாசித்துவிட்டு இணையவழியில் கூடிப் பேசுகிறோம். ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஆட்கள் உண்டு, ஊரை விட்டுப் போய் கட்டாரிலும் லண்டனிலும் கனடாவிலும் இருப்பவர்களும் உண்டு.

நான் பெரிய வாசகர் இல்லை. சேரலாமா?

தாராளமாக. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிய கையோடு புத்தகத்தை மூடிவைத்தவர்கள்தான் எங்களில் பாதிப் பேர். வயல் பார்க்கிறவர், ஆஸ்பத்திரித் தாதி, கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) வேலை செய்கிறவர், வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் தாய்மார் என்று எல்லா விதமும் இருக்கிறது. நிறைய வாசித்தவர்கள் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் முதல் ஒன்றிரண்டு கூட்டம் அவர்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். ஏனென்று கீழே போகப் போக விளங்கும்.

எப்போது கூடுகிறீர்கள்? எதில்?

மாதத்தின் கடைசி ஞாயிறு, இரவு 8.30. எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு உடனே வைத்தால் காத்தான்குடி, சாய்ந்தமருது ஆட்கள் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பாதியில் எழும்பிப் போகவேண்டும், 9 மணி தாண்டினால் விடியச் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவர்கள் கொட்டாவி விடுவார்கள். 8.30 என்றால் கட்டாரில் மாலை 6, வேலை விட்டு வந்து ஒரு தேத்தண்ணி குடிக்க நேரமிருக்கும். லண்டனில் கோடையில் பிற்பகல் 4, குளிர்காலத்தில் 3. டொரன்டோவில் காலை 11, குளிர்காலத்தில் 10. மெல்பேர்ண் ஆட்கள்தான் பாவம், அவர்களுக்கு நடுச்சாமம் தாண்டி 1 மணி, அங்கே கோடை என்றால் 2. அவர்களுக்காக இடைக்கிடை போயா (பௌர்ணமி) விடுமுறையன்று பகலில் ஒரு கூட்டம் வைப்பதுண்டு.

நோன்பு மாதத்தில் இரவில் தராவீஹ் தொழுகை இருப்பதால் கூட்டம் கிடையாது, வட்ஸ்அப் குரல் பதிவுகளோடு சரி. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமையிலும் ஆளைப் பிடிக்க முடியாது, அதற்கேற்ற மாதிரித் தேதியைத் தள்ளுவோம்.

நடத்துவது கூகிள் மீட்டில். இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடத்தில் வெட்டிவிடும், மீட் 60 நிமிடம் தரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கவே கூடாது என்பது என் கட்சி, ஆகவே இந்த வெட்டு எங்களுக்கு வசதிதான்.

கட்டணம் உண்டா?

இல்லை.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். நம்ம பக்கத்தில் புத்தகம் என்றால் வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, முதற்பிரதி வாங்குபவருக்குப் பொன்னாடை, நயவுரை, ஏற்புரை, கடைசியில் கதிரை அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே நன்றியுரை. அந்த மண்டபத்தில் புத்தகத்தை வாசித்துவிட்டு வந்தவர் நயவுரைகாரர் ஒருவராகத்தான் இருப்பார், சில வேளை அவரும் முன்னுரையோடு நிறுத்தியிருப்பார். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதியவருக்கு ஊர் செய்கிற மரியாதை அது. ஆனால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து முடித்த பிறகு அதைப் பற்றிப் பேச எங்கே போவது? அதற்குத்தான் இது. அதனால் இங்கே உரை எதுவும் கிடையாது, தலைவரும் கிடையாது. ஆசிரியர் எந்த ஆண்டு பிறந்தார், எத்தனை விருது வாங்கினார் என்பதெல்லாம் தேவையானவர்கள் தாங்களே தேடிக்கொள்ளலாம்.

முதலில் ஒருவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். இது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றவர் பயன், அதாவது பொருள் சொல்வார், சுற்றி இருந்து ஊர் கேட்கும். கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் ‘கண்ணகி வழக்குரை’ பாடக் கேட்டு வளர்ந்த ஆட்கள் எங்களில் நிறையப் பேர். இங்கே பயன் சொல்ல ஒருவரை நியமிப்பதில்லை, எல்லாரும் சொல்லலாம், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவரும் புத்தகத்தில் தன்னைப் பிடித்து நிறுத்திய ஒரு இடத்தைப் பக்க எண்ணோடு சொல்லவேண்டும். “அருமையான படைப்பு”, “சமூகத்தின் கண்ணாடி” என்று யாராவது தொடங்கினால் “எந்தப் பக்கம் கா?” என்று ஒரு குரல் வரும். சிரிப்போம், ஆனால் பதில் வரும் வரைக்கும் விடமாட்டோம்.

ஒரு உதாரணம். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எடுத்திருந்தோம். சென்னைக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காப்பி குடிக்கக் கூட்டிப்போய், தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு 25 ரூபாய் ஜீவிய (ஆயுள்) சந்தா கேட்கிற கதை. ஜீவியம் என்றால் யாருடைய ஜீவியம் என்று கடவுள் திருப்பிக் கேட்கிற இடத்தை ஒரு தம்பி வாசித்தார். “கடவுளை நக்கலடிக்கிற கதை, வேறென்ன” என்று ஒரு அண்ணன் தொடங்க, கல்முனையில் கடை வைத்திருக்கும் இன்னொருவர் மறித்தார். கடைசியில் கடவுள் காணாமல் போய்விடுகிறார், மேசையில் கிடக்கிற 25 ரூபாயைப் பிள்ளை பேர் ஊர் போட்டுக் கணக்கில் வரவு வைக்கிறார், கேட்க ஆளில்லாத நேரத்திலும் வரவு வைக்கிறவனை எப்படி நக்கலடிக்கிற ஆள் என்கிறீர்கள் என்றார். கொப்பி கொப்பியாகக் கணக்கு எழுதுகிற மனிதர் அல்லவா, அவர் கண்ணுக்கு அது பட்டிருக்கிறது. ஏறாவூர் ராத்தா (அக்கா) ஒருவர், கடவுளை ஒரு ஆளாக வைத்துப் பேசத் தனக்குச் சங்கடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பட்டணத்துக்கு வந்திறங்கிய புது ஆளை ஊர் எப்படி நடத்துகிறது என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டாரில் இருக்கும் தம்பி அதைக் கேட்டதும் தான் டோஹாவில் இறங்கிய முதல் கிழமையைச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு மறுபடி கதையில் வரும் அந்தக் காப்பிக் கடைக்கு, அங்கே பேச்சில் அடிபடும் சிக்கரிப் பொடிக்கு வந்தோம். அன்றைக்கு நாலைந்து பக்கத்துக்கு மேல் நகரவில்லை. என்னைக் கேட்டால் நல்ல கூட்டம் அப்படித்தான் இருக்கும்.

வாசித்து முடிக்கவில்லை, வரலாமா?

வாங்க. ஆனால் முடிவைச் சொல்லாதீர்கள் என்று யாரையும் தடுக்க முடியாது. எத்தனை பக்கம் வாசித்தீர்கள், எங்கே நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று உண்மையைச் சொன்னால் போதும், அதுவே நல்ல பேச்சாகிவிடும். ஒரு நாவலில் நாலு பேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் கைவிட்டிருந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பற்றிப் பேசுவோம். வாசிக்காமலே வந்து வாசித்த மாதிரிப் பேசுவதை மட்டும் தயவுசெய்து வேண்டாம், பக்க எண் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்று நிமிடம். அதற்குப் பிறகு அன்றைய ஒருங்கிணைப்பாளர் குறுக்கிடுவார், அது ஓய்வுபெற்ற அதிபராக இருந்தாலும் சரி, பேராசிரியராக இருந்தாலும் சரி. ஒருங்கிணைப்பாளர் மாதாமாதம் மாறும். தனக்குப் படிப்பித்த சேரைப் பார்த்து “சேர், காணும், மற்ற ஆட்களும் பேசட்டும்” என்று சொல்ல ஒரு தங்கச்சிக்கு எவ்வளவு தயக்கமாக இருக்கும் என்று தெரியும், அதனால்தான் இதை எழுதியே வைத்திருக்கிறோம். விதிதான் சொல்கிறது, நான் சொல்லவில்லை என்று அவர் தப்பிக்கலாம்.

எனக்குப் பேச வெட்கம்.

கேட்டுக்கொண்டிருங்கள். அல்லது அரட்டைப் பெட்டியில் எழுதுங்கள், யாராவது வாசித்துவிடுவார்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே குரல் பதிவை அனுப்பிவிட்டுக் கூட்டத்தில் சும்மா இருக்கிறவர்களும் உண்டு.

கமெரா போடவேண்டுமா? என் நம்பர் எல்லாருக்கும் தெரியுமா?

கமெரா கட்டாயமில்லை, பெரும்பாலானவர்கள் போடுவதுமில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள், பேசாத நேரத்தில் மைக்கை மூடிவையுங்கள், போதும்.

நம்பர் விஷயத்தைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். சாதாரண வட்ஸ்அப் குறூப்பில் சேர்ந்தால் உங்கள் நம்பர் அதில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அதனால் அறிவித்தல்களை வட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவித்தல் பகுதியில் மட்டும் போடுகிறோம், அங்கே நம்பர் நிர்வாகிகளுக்கும், உங்களை ஏற்கனவே போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். அரட்டைக்கென்று தனியாக ஒரு குறூப் உண்டு, விரும்பியவர்கள் சேரலாம். மீட்டில் உங்கள் கூகிள் கணக்கின் பெயரும் படமும்தான் வரும். கூட்டத்தில் பார்த்த யாருக்கும் தனியாகத் தகவல் அனுப்பித் தொல்லை கொடுத்தால் அந்த ஆள் அன்றோடு வெளியே. இதில் விசாரணை, இரண்டாவது வாய்ப்பு எதுவும் இல்லை.

புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

யாரும் முன்மொழியலாம், முன்மொழிபவர் அதை முழுக்க வாசித்திருக்கவேண்டும், ஆகக் குறைந்தது இரண்டு வழியில் அந்தப் புத்தகம் கிடைக்கவேண்டும். மூன்று தலைப்பு வந்ததும் வட்ஸ்அப் வாக்கெடுப்பு. 200 பக்கம் தாண்டினால் இரண்டு மாதமாகப் பிரிப்போம். ஒரு மாதம் கிழக்கிலங்கை எழுத்து, அடுத்த மாதம் வெளியே எங்கிருந்தாவது, மொழிபெயர்ப்பானாலும் சரி, சிங்களத்திலிருந்து வந்ததானாலும் சரி.

நம்ம பக்கத்து எழுத்துக்குப் பஞ்சமில்லை. நீலாவணன், எம். ஏ. நுஃமான், சோலைக்கிளி என்று கல்முனைப் பக்கத்துக் கவிதைகளை மட்டும் எடுத்தாலே ஒரு வருடம் ஓடும். ஓட்டமாவடிப் பக்கம் எஸ். எல். எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ கதைகளைப் போல, வாசித்தவுடன் பேசவேண்டும் போல இருக்கிறவை இருக்கின்றன. அப்புறம், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் விபுலாநந்தரின் யாழ் நூலைப் போடுவார். காரைதீவில் பிறந்த அடிகள் பல ஆண்டு உழைத்து 1947இல் அரங்கேற்றி, அடுத்த மாதமே காலமானார், அந்த உழைப்பை நினைத்தால் யாருக்கும் கும்பிடத் தோன்றும். ஆனால் பழந்தமிழ் இசையையும் சுருதிக் கணக்குகளையும் ஞாயிறு இரவு 8.30க்கு, இசை படிக்காத எங்களை வைத்துப் பேசுவது நடக்கிற காரியமில்லை. அவருடைய கட்டுரைகளை எடுத்தோம், நன்றாகப் போனது.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

முதலில் நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள், நூலகம் டொட் ஓர்க். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி (ஸ்கேன் செய்து) போட்டு வருகிறார்கள், கடையில் எப்போதோ தீர்ந்துபோன புத்தகங்களும் அங்கே இருக்கும், காசில்லை. பழந்தமிழ் இலக்கியமும் பதிப்புரிமை தீர்ந்த நூல்களும் என்றால் மதுரைத் திட்டம், அது 1998இல் தொடங்கியது. அடுத்தது உங்கள் ஊர்ப் பொது நூலகம், அங்கத்துவம் எடுங்கள், இல்லாத புத்தகத்தைக் கேட்டு எழுதிக் கொடுங்கள், கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாங்குவார்கள். இந்தியப் பதிப்புகளை இங்கே வாங்கும் விலைக்குச் சில வேளை ஒரு கிழமைச் சாமானே வாங்கலாம். அதனால் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி, அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்துவிட்டு, களுவாஞ்சிக்குடியில் இறக்கி, அப்படியே சுற்றுக்கு விடுகிறோம். ஓரத்தில் பென்சிலால் எழுதலாம், பேனை வேண்டாம்.

பிடிஎப் இருந்தால் அனுப்புங்களேன்?

இந்தக் கேள்விக்கு நல்ல வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் உயிரோடு இருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. 1947இல் காலமான விபுலாநந்தரின் எழுத்தை நீங்கள் தாராளமாகப் பகிரலாம், போன வருடம் வந்த நாவலைப் பகிரக் கூடாது. சட்டத்தை விடுங்கள். இங்கே எழுதுகிறவர்களில் பலர் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து, விழாவில் விற்றது போக மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபோன் போட்டால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அந்தப் புத்தகத்தைப் போய் வருடிக் குறூப்பில் போடுகிறவரை என்னவென்று சொல்வது!

எழுத்தாளரைக் கூப்பிடுவீர்களா? அவர் இருக்கும்போது பிடிக்கவில்லை என்று சொல்லலாமா?

கூப்பிடுவோம், ஆனால் முதல் 40 நிமிடம் அவர் இல்லாமல். சின்ன ஊர், எழுதியவர் யாருக்கோ மச்சான், யாருக்கோ படிப்பித்த சேர், யாருக்கோ முன் வீட்டுக்காரர். அவர் முகத்துக்கு நேரே “உங்கட மூன்றாவது அத்தியாயம் அலுப்பு” என்று சொல்லிவிட்டு நாளைக்குச் சந்தையில் எப்படி முழிப்பது? ஆகவே முதலில் நாங்கள் மட்டும் பேசிவிட்டு, பிறகு அவரைச் சேர்த்து, எழுந்த கேள்விகளை ஒருங்கிணைப்பாளர் பெயர் சொல்லாமல் கேட்பார். புகழ்ச்சியை விட இப்படியான கேள்விகளைத்தான் எழுதுகிறவர்கள் ஆசையாக எதிர்கொள்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். எங்கே பிடிக்காமல் போனது என்று காட்டவேண்டும், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது.

யுத்தம், இனம், மதம் வருகிற புத்தகங்களை எடுப்பீர்களா?

எடுப்போம். கிழக்கில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் வாசிப்பதென்றால் சமையல் குறிப்புத்தான் வாசிக்கலாம். தமிழர்களும் முஸ்லிம்களும் ஒரே கூட்டத்தில் இருக்கிறோம், இரண்டு சமூகத்திலும் கொலைகள் நடந்த 1990ஐ ஒரு ஊர் ஒரு விதமாக நினைவில் வைத்திருக்கும், அடுத்த ஊர் இன்னொரு விதமாக, இரண்டு பக்கமும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒன்றே ஒன்று: “உங்கட ஆட்கள்”, “எங்கட ஆட்கள்” என்ற சொல் வரக் கூடாது. கதையில் வருகிறவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவர் செய்தது சரியா, வேறு வழி இருந்ததா, எழுதியவர் அவரை நியாயமாகக் காட்டியிருக்கிறாரா என்று. ஒரு பாத்திரத்தின் பெயருக்குப் பின்னால் நின்று பேசும்போது ஆட்கள் மனதில் கிடப்பதை வழக்கத்தை விட அதிகமாகவே சொல்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சுனாமியும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், கூட்டத்தில் இருப்பவர்களில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே முன்மொழிபவர் புத்தகத்தில் என்ன வருகிறது என்று முதலே சொல்லிவிடவேண்டும். அந்த மாதம் வராமல் இருக்கலாம், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

பதிவுசெய்து பிறகு போடுவீர்களா?

மாட்டோம். மேலே சொன்னதற்குப் பிறகு காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன். யார் சொன்னது என்று குறிக்காமல், பேசிய விஷயங்களை மட்டும் ஒருவர் அரைப் பக்கத்தில் எழுதிப் போடுவார்.

கரண்ட் போனால்? சிக்னல் இல்லாவிட்டால்?

கார்த்திகை, மார்கழி மழையில் இது கட்டாயம் நடக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வீடியோவை நிறுத்தி ஒலியை மட்டும் வையுங்கள், டேட்டாவும் மிச்சம். மீட் படுத்தால் வட்ஸ்அப் அழைப்புக்குப் போய்விடுவோம், அதில் 32 பேர் வரைக்கும் சேரலாம். வெள்ளம் வந்தால் கூட்டமே இல்லை, அந்த நேரம் புத்தகத்தை விட வேறு வேலை இருக்கும்.

பள்ளி மாணவர்கள் வரலாமா?

ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) முடித்தவர்கள் வரலாம், அதற்குக் கீழே என்றால் வீட்டில் ஒரு பெரியவர் கூட இருக்கவேண்டும். பரீட்சைக்குக் குறிப்பு எழுதித் தரமாட்டோம்.

எங்கள் ஊரில் நாங்களே ஒன்று தொடங்கலாமா?

கட்டாயம் தொடங்குங்கள், எங்களிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை, ஒரே வட்டம் வீங்கிக்கொண்டு போவதை விட அதுதான் நல்லது. எட்டுப் பத்துப் பேர் போதும், இருபதுக்கு மேல் போனால் பாதிப் பேர் கேட்பவர்களாகிவிடுவார்கள். முதல் இரண்டு மாதமும் சிறுகதை எடுங்கள், இருபது பக்கத்துக்குள், எல்லாராலும் ஒரு இரவில் வாசிக்கக்கூடியதாக. நாவலில் தொடங்கிய வட்டங்கள் அந்த நாவல் முடிய முன்னரே முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெயர் வைப்பது, சின்னம் வரைவது, நிர்வாகக் குழு தெரிவது எல்லாம் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தேதியை முதலே நிச்சயித்துவிட்டு நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒருவருக்காக மாற்றினால் அடுத்த மாதம் மூன்று பேர் மாற்றச் சொல்வார்கள்.